பிள்ளைக்கு அட்டை இருக்கு, பெற்றோருக்கு ஓய்வு?

கெடா தோட்டப்புறங்களிலும் சுங்கை பட்டாணி, கூலிம் போன்ற பட்டணங்களிலும் கடுமையான வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளையை வளர்க்கும் பெற்றோருக்கு என்ன உதவி இருக்கு?

பணம் எவ்வளவு?
படுத்த படுக்கையாக உள்ள மாற்றுத்திறனாளியைப் பராமரிப்போருக்குச் சமூகநல இலாகா மாத உதவித்தொகை தருகிறது. 2021 வரவு செலவுத் திட்டத்தில் அது 350 ரிங்கிட்டிலிருந்து 500 ஆக உயர்ந்தது. கணக்குப் போட்டுப் பாருங்க: 30 நாளுக்கு 720 மணி நேரம். மணிக்கு 70 சென்கூட வராது.

யார் விடுபடுறாங்க?
கடுமையான ஆட்டிசம் உள்ள சில பிள்ளைகள் இரவில் தூங்காது, கதவைத் திறந்து ஓடிவிடும். அம்மா கண்மூட முடியாது. ஆனா பிள்ளை நடக்கிறதே! ‘படுத்த படுக்கை’ என்ற நிபந்தனைக்குள் வருவது கஷ்டம்.

ஓய்வு எங்கே?
பிடிகே எனும் சமூக மறுவாழ்வு மையங்கள் 1984இல் திரங்கானுவின் பத்து ராக்கிட்டில் தொடங்கி நாடெங்கும் பரவின. பிள்ளை அங்கே பயிற்சியில் இருக்கும் சில மணி நேரம்தான் வீட்டில் இருப்பவருக்கு மூச்சுவிட நேரம். தோட்டத்திலிருந்து போய்வர வண்டி இல்லைன்னா அதுவும் இல்லை.

முதல் படி?
மருத்துவர் உறுதிப்படுத்திய பாரத்தோடு சமூகநல அலுவலகத்தில் ஓகேயூ அட்டைக்குப் பதியுங்க. பதிவு கட்டாயமில்லை, ஆனா பதியாத பிள்ளை அரசாங்கக் கணக்கில் வராது, அதைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவும் வரமாட்டார்.