மைதானத்துக்கு விளக்கு, மக்களுக்கு இருட்டா?

2030-ஆம் ஆண்டின் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகள் ஆமதாபாத்தில் நடக்கப் போகின்றன. 2025 நவம்பரில் இது முடிவாயிற்று. அதோடு நில்லாமல், 2036-இல் ஒலிம்பிக்கையும் இங்கே கொண்டுவர வேண்டுமென்று மத்திய சர்க்கார் முயன்று வருகிறது.

விளையாட்டுக்கு நாம் விரோதிகள் அல்ல. ஷிப்டு முடிந்த களைப்போடு கபடிக் கோட்டில் இறங்கும் பஞ்சாலைத் தொழிலாளி நம்மவர். அறுப்பு முடிந்த வயலில் மட்டையும் பந்துமாக நிற்கும் சிறுவர்கள் நம் வீட்டுப் பிள்ளைகள். உலகத்து வீரர்கள் வரட்டும், கைதட்டி வரவேற்போம். ஆனால் விருந்துக்கு அழைக்கிறவர்களிடம் ஒரு கேள்வி கேட்க நமக்கு உரிமை உண்டு. விருந்தாளி வந்திருக்கும் நாட்களில் வீட்டிலுள்ளவர்கள் வாய் திறந்து பேசலாமா, கூடாதா?

இந்தக் கேள்வி காரணமில்லாமல் எழவில்லை. 2010-இல் இதே காமன்வெல்த் போட்டி டில்லியில் நடந்தபோது, விருந்தாளிகள் போகும் பாதையிலிருந்த சேரிகளைத் தட்டிகள் வைத்து மறைத்தார்கள். சேரியை மாற்றப் பணமில்லை, மறைக்கப் பணமிருந்தது! 2023-இல் உலகக் கோப்பைக் கிரிக்கெட் நமது நாட்டில் நடந்தது. அப்போது மறைக்க வேண்டியது ஒரு சேரி அல்ல, ஒரு மாநிலம். அதற்கு மூங்கில் தட்டி போதாது. செல்போன் இணையத்தையே வெட்டி வைத்திருந்தார்கள்.

மணிப்பூரில் 2023 மே 3-ஆம் தேதி கலவரம் மூண்டது. அன்றே செல்போன் இணையம் நிறுத்தப்பட்டது. மறுநாள், மே 4-ஆம் தேதி, இரண்டு பெண்களை ஒரு கும்பல் நிர்வாணமாக்கி ஊர்வலம் நடத்தியது. அந்தக் கொடுமை உலகத்துக்குத் தெரிந்தது எப்போது? ஜூலை 19-ஆம் தேதி, அதன் வீடியோ வெளிவந்த பிறகுதான். இரண்டரை மாதம்! மே மாதத்திலேயே போலீசில் புகார் பதிவாகியிருந்தது. ஆனால் கைது ஆரம்பமானது வீடியோ வெளிவந்த மறுநாள். இணையத் தடை யாரைக் காப்பாற்றியது என்று இதிலிருந்தே தெரிகிறதல்லவா? அந்தப் பெண்களை அது காப்பாற்றவில்லை. கை வைத்த கும்பலையும், கை கட்டி நின்ற சர்க்காரையும்தான் காப்பாற்றியது.

செப்டம்பர் 23-இல் செல்போன் இணையத்தைத் திறந்தார்கள். கொலையுண்ட இரண்டு மாணவர்களின் படங்கள் வெளிவந்து ஜனங்கள் தெருவுக்கு வந்ததும் 26-இல் மீண்டும் மூடினார்கள். அக்டோபர் 5-இல் ஆமதாபாத்தில் உலகக் கோப்பை தொடங்கிற்று. நவம்பர் 19-இல் அதே மைதானத்தில் லட்சத்துக்கு மேற்பட்டோர் உட்காரும் இடத்தில் இறுதி ஆட்டம் நடந்தது. அந்த ஆறு வாரமும் மணிப்பூரின் பெரும்பகுதியில் ஏழையின் செல்போன் ஊமையாகவே கிடந்தது. டிசம்பர் தொடக்கத்தில்தான் அது வாய் திறந்தது. கம்பி வழி இணையம் வைத்திருந்த ஆபீசுகளுக்கும் வசதி படைத்தோருக்கும் ஜூலையிலேயே நிபந்தனையோடு வழி விட்டாயிற்று. செல்போனை மட்டுமே நம்பியிருந்தவனுக்குத்தான் நீண்ட இருட்டு.

மணிப்பூர் எங்கோ வடகிழக்கு மூலையில் இருக்கிறது, நமக்கென்ன என்று எண்ண வேண்டாம், தோழர்களே! நெல்லைச் சீமைக்கு இது புதிதல்ல.

2018 மே 22. தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் தாமிர ஆலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாள். அன்றும் மறுநாளும் நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் மாண்டார்கள். 22-ஆம் தேதி இரவு மும்பையில் ஐ.பி.எல். கிரிக்கெட்டில் சென்னை அணி ஆடியது. டெலிவிஷனில் ஒரு பந்து விடாமல் காட்டினார்கள். 23-ஆம் தேதி தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய மூன்று மாவட்டங்களுக்கும் இணையம் நிறுத்தப்பட்டது. சுட்ட இடம் தூத்துக்குடி; களக்காட்டுக்காரனின் செல்போன் என்ன குற்றம் செய்தது? திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போன மகன், ஊரில் என்ன நடக்கிறதென்று தெரியாமல் தவித்தான். ஆட்டம் நிற்கவில்லை, செய்திதான் நின்றது. உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு வழக்குப் போன பிறகே நெல்லைக்கும் குமரிக்கும் தடை விலகியது. போலீஸ் நடந்துகொண்டது தவறென்று நீதிபதி அருணா ஜெகதீசன் கமிஷன் சொன்ன அறிக்கை, நாலு வருஷம் கழித்து, 2022 அக்டோபரில்தான் சட்டசபைக்கு வந்தது.

அதற்கு முன்னால், 1999 ஜூலை 23-இல், மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக நடந்த ஊர்வலத்தின்மீது நெல்லையில் தடியடி நடந்தது. தாமிரபரணியில் 17 பேர் பிணமானார்கள். அன்று நம் கையில் செல்போன் இல்லை. இன்று இருக்கிறது. இருப்பதால்தான் அதைக் கண்டு ஆள்வோர் அஞ்சுகிறார்கள்.

இணையம் படித்தவர்களின் பொழுதுபோக்கு என்று சிலர் நினைக்கலாம். நூறு நாள் வேலைக்குப் போன பெண்களைக் கேட்டுப் பாருங்கள். 2023 ஜனவரி முதல் வருகைப் பதிவைச் செல்போன் செயலியில்தான் போட வேண்டுமென்று கட்டாயமாக்கினார்கள். படம் ஏறவில்லையென்றால் அன்றைய கூலிக்கு ஆபத்து. ரேஷன் கடையில் கைரேகை எந்திரத்துக்கு இணைப்பு வேண்டும். வெளியூரில் கல் சுமக்கிறவன் வீட்டுக்குப் பணம் அனுப்புவது செல்போனில். வாழைத்தாரின் விலையை வியாபாரி சொல்வதற்கு முன்னால் நாமே விசாரித்துத் தெரிந்துகொள்வதும் செல்போனில். எல்லாவற்றையும் இணையத்தில் கொண்டுபோய்க் கட்டியவர்களும் இவர்களே. நினைத்தபோது அந்தக் கயிற்றை அறுப்பவர்களும் இவர்களே. அறுபடுவது யாருடைய கூலி?

வதந்தி பரவுகிறது, அதனால் நிறுத்துகிறோம் என்கிறார்கள். வதந்தியின் கொடுமையை நாம் மறுக்கவில்லை. அதே 2018 மே மாதத்தில், பிள்ளை பிடிக்கிறவர்கள் என்ற வாட்ஸ்அப் புரளியால் தமிழ்நாட்டிலேயே ஒன்றுமறியாதவர்களை அடித்துக் கொன்றார்கள். கிளப்புகிறவனைப் பிடியுங்கள், தண்டியுங்கள், நாமும் துணை நிற்போம். ஆனால் ஊரையே இருட்டாக்கினால் வதந்தி சாகுமா? மணிப்பூரில் இணையம் நின்ற பிறகும் வதந்தி வாய்க்கு வாய் ஓடிற்று. அதை மறுக்க வேண்டிய உண்மைதான் வீடு வந்து சேர வழியில்லாமல் நின்றது.

இங்கே ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். செங்கொடி பறக்கும் நாட்டில் நடந்தாலும் தப்பு தப்புதான். 2008 ஆகஸ்டில் பெய்ஜிங்கில் ஒலிம்பிக் நடந்தது. நிருபர்களுக்குத் தடையற்ற இணையம் என்று வாக்களித்திருந்தார்கள். வந்து பார்த்தால் பத்திரிகையாளர் மையத்திலேயே பல தளங்கள் திறக்கவில்லை. கண்டனம் எழுந்த பின் சில திறந்தன. நிருபர்களுக்கு நேர்ந்த தொல்லையைவிடப் பெரிய தொல்லை வேறு வீடுகளில் நடந்துகொண்டிருந்தது. சான்லு என்ற கம்பெனியின் குழந்தைப் பால்மாவில் மெலமைன் என்ற ரசாயனம் கலந்திருந்தது. போட்டி தொடங்குவதற்கு ஆறு நாள் முன்னால், ஆகஸ்ட் 2-ஆம் தேதியே, கம்பெனி நகர அதிகாரிகளுக்குத் தெரிவித்துவிட்டது. ஜனங்களுக்குத் தெரிந்ததோ போட்டி முடிந்த பிறகு, செப்டம்பர் 11-இல். அதுவரை தாய்மார்கள் அந்த மாவைக் கரைத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். சுமார் 3 லட்சம் குழந்தைகள் நோயுற்றன. 6 குழந்தைகள் இறந்தன. திருவிழா கெட்டுவிடக் கூடாதென்று செய்தியை மூடினால் என்ன விலை கொடுக்க நேரும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

ஜனநாயகத்தின் தாய்வீடு என்று சொல்லிக்கொள்ளும் பிரான்சும் யோக்கியமில்லை. பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இரண்டு மாதம் முன்பு, 2024 மே மாதத்தில், தன் ஆளுகையிலுள்ள பசிபிக் தீவான நியூ கலிடோனியாவில் கலகம் மூண்டதும் டிக்டாக்கை இரண்டு வாரம் தடை செய்தது. அது சட்டத்துக்கு விரோதம் என்று 2025-இல் அந்த நாட்டு உயர் நீதி மன்றமே தீர்ப்பளித்தது. வாயை அடைக்கும் கைக்கு எந்தக் கொடியும் நியாயமாகாது.

செய்தி திறந்திருந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் நம் நாட்டிலேயே சான்று உண்டு. 1982-இல் டில்லியில் ஆசிய விளையாட்டு நடந்தது. மைதானமும் மேம்பாலமும் கட்டிய தொழிலாளிக்குச் சேர வேண்டிய குறைந்தபட்சக் கூலி நாளைக்கு 9 ரூபாய் 25 காசு. அதில் ஒரு ரூபாயை ஜமேதார் பிடித்துக்கொண்டு 8 ரூபாய் 25 காசு கொடுத்தான். ஜனநாயக உரிமைக்கான மக்கள் சங்கத்தார் நேரில் போய் விசாரித்து, சுப்ரீம் கோர்ட் நீதிபதி பகவதிக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். அந்தக் கடிதமே வழக்காயிற்று. குறைந்தபட்சக் கூலிக்குக் குறைத்துக் கொடுத்து வாங்கும் வேலை, அரசியல் சட்டத்தின் 23-ஆம் பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பு என்று தீர்ப்பு வந்தது. இன்றுவரை கூலிக்காரனுக்கு அது கவசம். அன்று தபாலை நிறுத்தியிருந்தால் அந்தத் தீர்ப்பு ஏது? 2030-க்காக ஆமதாபாத்தில் கல்லும் கம்பியும் சுமக்கப் போகிறவனுக்கு இன்று தபால் அவன் கையிலிருக்கும் செல்போன்தான்.

காஷ்மீர் வழக்கில் 2020 ஜனவரி 10-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: காலவரையின்றி இணையத்தை நிறுத்தக் கூடாது, நிறுத்தும் உத்தரவை வெளியிட வேண்டும். சொன்ன பிறகுதான் மணிப்பூர் நடந்தது. ஆகையால் தீர்ப்பை மட்டும் நம்பி உட்கார முடியாது. நாம் கோருவது இவை:

1. விளையாட்டையோ, மாநாட்டையோ, போராட்டத்தையோ காரணம் காட்டி மாவட்டம் முழுவதற்கும் இணையத்தை நிறுத்தும் வழக்கத்தை மத்திய, மாநில சர்க்கார்கள் கைவிட வேண்டும்.

2. எந்தத் தடை உத்தரவையும் அன்றே, காரணத்தோடு, மக்கள் மொழியில் தாலுகா ஆபீசிலும் ஊராட்சி ஆபீசிலும் ஒட்ட வேண்டும்.

3. தடையால் வருகைப் பதிவு போகாத நாளுக்கு முழுக் கூலி வேண்டும். ரேஷனைக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்க வேண்டும்.

4. 2030 போட்டிக்கான கட்டட வேலையில் கூலிக் கணக்கும் விபத்துக் கணக்கும் பகிரங்கமாக வெளிவர வேண்டும். வேலைத்தளத்தைப் படம் எடுத்தான், பேசினான் என்பதற்காக எவனையும் வேலையிலிருந்து நீக்கக் கூடாது.

ஆலை வாசலில், வரப்பில், டீக்கடையில் இந்தக் கோரிக்கைகளைப் பேசுங்கள். சங்கக் கூட்டத்தில் தீர்மானமாக்கி அனுப்புங்கள். நாட்டுக்கு மெடல் வரட்டும், மகிழ்வோம். அந்த மெடல் கழுத்தில் ஏறும் நேரத்தில் நாட்டின் எந்த மூலையிலும் ஒரு தாயின் அழுகுரல் செல்போனுக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கக் கூடாது. அதற்கு நாம் இன்றே குரல் கொடுப்போம்!