சிதறால் மலையில் ஒரு பெண் குரு

லீவு விட்டால் கொடைக்கானல், மைசூர் என்று கிளம்பி விடுகிறோம். எங்கள் அருமனைக்குப் பக்கத்திலேயே இருக்கும் சிதறால் மலைக்கு ஏறாத பெண்கள் இங்கே எத்தனையோ பேர்! கேட்டால், "அங்க வெறும் பாறைதானே கெடக்கு" என்பார்கள். அந்தப் பாறையில்தான் பார்சுவநாதர், மகாவீரர், பத்மாவதி என்று வரிசையாகச் சமணச் சிற்பங்கள். பின்னாளில் பகவதி கோவிலும் ஆனது.

எனக்குப் பெரிதாகப் பட்டது ஒரு கல்வெட்டுச் சேதி. 9ஆம் நூற்றாண்டில், ஆய் மன்னர் விக்கிரமாதித்த வரகுணன் காலத்தில், குணந்தாங்கிக் குரத்தியார் என்பவர் இம்மலை அம்மனுக்குப் பொன் நகை கொடுத்தாராம். குரத்தி என்றால் பெண் குரு. அடுப்படியே கதி என்றிருக்கும் நமக்கு, 1,100 வருஷத்துக்கு முந்தைய பெண்ணின் பெயர் கல்லில் நிற்பது பெருமையில்லையா?

பெண் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள், தோழிகளே. வெயில் ஏறுமுன் காலையிலேயே போங்கள். குடிக்கத் தண்ணீர் எடுத்துக் கொள்ளுங்கள். பாறையில் தன் பெயரைக் கிறுக்கும் பையன்களைக் கண்டால் சும்மா விடாதீர்கள்!

- ஒரு வாசகி, அருமனை.