மணமனையில் நிழற்படம்

மணவினை ஒரு நாளில் முடிவது. அதன் நிழற்படமோ பல தலைமுறைகளுக்கு உரியது. ஆகலின் அதனை எடுக்கும் முறையைப் பற்றிச் சிறிது சிந்தித்தல் தகும். மணத்தை நடத்துவிப்பது படம் பிடிப்போரின் வேலையன்று. நடப்பதை இடையூறின்றிக் கண்டு பதிவு செய்தலே அவர்தம் கடன் என்பது என் துணிபு.

பழைய படங்களில் நம் முன்னோர் தூண் போல் விறைத்து நிற்பதைக் கண்டு நாம் நகைக்கிறோம். அதற்குத் தக்க காரணம் உண்டு. 1839-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் டாகேர் என்பாரது முறை வெளியிடப்பட்டபோது, தகட்டில் உருவம் படியப் பல நிமிடங்கள் வேண்டியிருந்தன. பின்னர் அந்நேரம் குறைந்ததெனினும், சிறிது அசைந்தாலும் முகம் கலங்கிவிடும். ஆதலின், தலை அசையாதிருக்கப் பின்புறத்தில் இரும்புத் தாங்கி நிறுத்தும் வழக்கமும் ஸ்டூடியோக்களில் இருந்தது. சென்னையில் 1856-இல் நிழற்படச் சங்கம் தோன்றிய காலத்திலும் பொறுத்து அசையாதிருப்பதே படத்திற்கு இருப்போரின் கடமை.

அன்று விறைப்பு, கருவியின் கட்டாயம். இன்றோ குத்துவிளக்கின் ஒளியிலேயே ஓசையின்றிப் படம் பிடிக்கும் காமிராக்கள் வந்துவிட்டன. கட்டாயம் நீங்கியும் கட்டளை நீங்கவில்லை! "தாலியைச் சற்று உயர்த்திப் பிடியுங்கள், இங்கே பாருங்கள், மறுபடியும் ஒரு முறை" என்னும் குரல் மந்திரத்தையும் மேளத்தையும் மீறி ஒலிக்கின்றது. வாழ்த்த வந்த முதியோர் காண்பது மணமக்களின் முகத்தை அன்று, காமிராக்காரரின் முதுகையே.

என் தாய்மாமன் ஆம்பூரில் தோல் பதனிடும் தொழிலில் நாற்பது ஆண்டுகள் உழைத்தவர். ஆவாரம்பட்டைக் கறை அவர் விரல்களை விட்டு நீங்கியதே இல்லை. அவர் மகள் திருமணத்தில் குடும்பப் படம் எடுக்க வந்தவர், "பெரியவரே, கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள்" என்றார். மாமனும் மறுமொழி கூறாது அவ்வாறே நின்றார். இன்று மாமன் இல்லை. அப்பெரிய ஆல்பத்தில் அவர் கைகளும் இல்லை. பந்தியில் பேரனுக்குச் சோறு பிசைந்து கொடுக்கையில் உறவினச் சிறுவன் ஒருவன் அவர் அறியாது எடுத்த சிறு படம் ஒன்றிலேதான் அக்கைகள் உள்ளன. வீட்டார் சட்டமிட்டு மாட்டியிருப்பது அதனையே.

இவ்வியல்பு முறைக்கு எடுத்துக்காட்டு நாடித் தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை. பிரெஞ்சு நாட்டு நிழற்படக் கலைஞர் ஆன்ரி கார்த்தியே பிரெசோன் 1950 ஏப்ரலில் நம் அண்டை ஊராகிய திருவண்ணாமலையில் இருந்தார். ரமண மகரிஷியின் இறுதி நாட்களைப் படம் பிடித்தார். சிறிய லைக்கா காமிரா ஒன்றே அவர் கருவி. பளிச்சிடும் விளக்கைத் தூக்கி வருவது மரியாதைக் குறைவென்று கருதியவர் அவர். இழவு வீட்டிலும் இடையூறாகாத அம்முறை மணவீட்டிற்கு ஒவ்வாதோ?

நிற்க. உறவினர் யாவரும் வரிசையாக நின்று எடுக்கும் படம் வேண்டாவோ எனின், வேண்டும். யார் யாருக்கு என்ன முறை என்பதை அவ்வரிசையே காட்டுகின்றது. புதுச்சேரிப் பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனத்தார் தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களின் பழம்படங்களைத் தேடி, பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு அவற்றைப் பிரதி செய்து காத்து வருவது அவற்றின் அருமை கருதியேயாம். ஆயின் அதற்கென ஒரு சிறுபொழுது ஒதுக்கினால் போதும். நாள் முழுவதையும் அதற்குப் பலியிடலாகாது.

மற்றொன்றும் நினைவிற் கொள்ளத்தக்கது. இடையூறின்றி எடுப்பது வேறு. திருட்டுத்தனமாய் எடுப்பது வேறு. ஆம்பூர், வாணியம்பாடி முதலிய ஊர்களின் நிக்காஹ் வைபவங்களில் மகளிர் தனியே கூடும் வழக்கம் பரவலாக உண்டு. அங்கே மகளிரே, அதுவும் வீட்டார் இசைவு பெற்று, படம் எடுத்தல் முறை. எவ்வீட்டுப் படத்தையும் கேளாது ஊரறியப் பரப்புதல் நன்றன்று. நம்பிக்கையைப் பெற்றவர்க்கே இயல்பான முகம் காணக் கிடைக்கும்.

விடுமுறை நாட்களில் இத்தொழிலால் பொருளீட்டும் மாணவ நண்பர்களுக்குச் சில சொல்வேன். மணநாளுக்கு முன்னரே ஒருமுறை அவ்வீட்டிற்குச் செல்லுங்கள். பெரியோரின் பெயரையும் சடங்குகளின் வரிசையையும் அறிந்துகொள்ளுங்கள். சன்னல் வெளிச்சத்தைப் பயன்படுத்துங்கள். முகூர்த்த வேளையில் மணமக்களுக்கும் பெற்றோருக்கும் நடுவே நில்லாதீர்கள். கருத்த முகத்தை வெளுப்பாக்கித் தராதீர்கள். அம்முகம் அவருடையது, திருத்தும் உரிமை நமக்கில்லை. படம் தந்தபின் பெயரும் ஆண்டும் குறித்து வைக்குமாறு வீட்டாருக்குச் சொல்லுங்கள்.

உழைத்த கைகளை மறைக்காத படமே குடும்பத்தின் மெய்யான படம். அதனை எடுப்பவர் எவரோ, அவரே நல்ல படக்காரர்.