மேகத்தில் அன்று, மண்ணில்!

இணையத்தில் ஏற்றிய எதுவும் அழியாது என்றொரு நம்பிக்கை நம் இல்லங்களில் வேரூன்றி வருகின்றது. பாட்டனாரின் கடிதங்களைப் படமெடுத்து 'மேகத்தில்' சேர்த்தாயிற்று, இனி மூலத்தாள்கள் எதற்கென்று அவற்றை எடைக்குப் போடுவோரும் உளர். இம்மடமையை நாம் வன்மையாக மறுக்கின்றோம்.

மேகம் என்னும் பெயரே மயக்கம் தருவது. வானில் அப்படியொன்றும் இல்லை. உள்ளவை மண்மீது எழுப்பிய கூடங்கள்; அவற்றுள் அடுக்கடுக்காய்க் கணிப்பொறிகள்; அவற்றுள் காந்தத் தட்டுகளும் சில்லுகளுமே. கண்டம் விட்டுக் கண்டம் செல்லும் செய்தியும் பெரும்பாலும் கடலடி வடங்கள் வழியேதான் செல்கின்றது. இக்கூடங்களின் பசியோ ஓயாதது. அயர்லாந்தில் 2023இல் அளவிடப்பட்ட மின்நுகர்வில் நூற்றுக்கு 21 பங்கை இவையே உண்டன.

மண்ணில் இருப்பது தீயில் வேகாதோ? 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர் நகரில் இத்தகைய கூடமொன்று எரிந்து அழிந்தது. வேறிடத்தில் நகல் வைத்திராதோர் யாவற்றையும் இழந்தனர். 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் டேஜான் நகரில் அரசின் தகவல் மையத்தில் தீப்பற்றியது. அரசு ஊழியர்கள் சேமித்திருந்த 858 டெராபைட் கோப்புகள் அழிந்தன. மறுநகல் ஏன் இல்லை? அளவு மிகப் பெரிது என்பதே அதிகாரிகள் சொன்ன காரணம்! எந்தப் பெருமை பேசப்பட்டதோ, அதுவே அழிவுக்கு வாயிலாயிற்று.

தீயும் வேண்டுவதில்லை, உரிமையாளர் மனம் மாறினாலே போதும். ஜியோசிட்டிஸ் தளத்தில் மக்கள் ஆக்கிய எண்ணற்ற பக்கங்களை 2009இல் யாஹூ நிறுவனம் மூடியது. பழைய கணிப்பொறிகளிலிருந்து புதியவற்றுக்கு மாற்றுகையில், பல்லாண்டுப் பாடல்களைத் தொலைத்துவிட்டதாக 2019இல் மைஸ்பேஸ் ஒப்புக்கொண்டது. பிறர் வீட்டுப் பரணில் நம் பெட்டியை வைத்தால், சாவி யாரிடம் இருக்கும்?

தாளையும் கரையான் அரிக்குமே என்பர். மெய்தான். ஆகவேதான், ஒன்றை மட்டும் நம்பாதீர் என்கின்றோம். 1996இல் தொடங்கி இணையப் பக்கங்களைத் திரட்டிவரும் சான்பிரான்சிஸ்கோ இணையக் காப்பகமே தன் ஒரு கூடத்தை நம்பி அமரவில்லை. 2002இல் அலெக்சாண்டிரியா நூலகத்துக்கு ஒரு நகலை அளித்தது. காப்பதையே தொழிலாகக் கொண்டோர்க்கு உள்ள அச்சம் நமக்கு வேண்டாவா?

முன்னோரின் கடிதமும் கையேடும் நம்மிடம் உள்ள அமானிதம். படமெடுங்கள், இணையத்திலும் ஏற்றுங்கள், வீட்டில் தனி வட்டில் ஒரு நகலும் வையுங்கள், மற்றொன்றை வேற்றூர் உறவினரிடம் ஒப்படையுங்கள். மூலத்தாளை மட்டும் எடைக்குப் போடாதீர்கள். அமானிதத்தைப் பிறர் கையில் விட்டுவிட்டு, 'மேகம் காக்கும்' என்று சொல்வது பாதுகாப்பு அன்று. பொறுப்பைத் தட்டிக்கழிப்பதே ஆகும்.