மைதானம் இல்லாதவர்களுக்கு 3 சதவீதம்

போன வருடம் வட மாவட்டத்து அரசு கலைக் கல்லூரி ஒன்றில் படிக்கும் ஒரு தங்கையைச் சந்தித்தேன். 800 மீட்டர் ஓடுகிறவள். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிக்கு அவளும் இன்னும் மூன்று பேரும் கைக்காசு போட்டு பஸ் ஏறியிருக்கிறார்கள். தங்க இடமில்லாததால் விடியற்காலை மூன்று மணிக்கே கிளம்பியிருக்கிறார்கள். அவள் ஓடியது இரவல் ஸ்பைக்ஸில். அதுவும் ஒரு சைஸ் பெரிது. பக்கத்தில் நின்ற பெண் தனியார் கல்லூரி மாணவி. அந்தக் கல்லூரிக்குச் சொந்த பஸ், விளையாட்டு விடுதி, முட்டை, பால், தனிப் பயிற்சியாளர் எல்லாம் உண்டு. நம் தங்கை இறுதிச் சுற்றுக்குப் போகவில்லை. "திறமை பத்தலம்மா" என்று ஆறுதல் சொன்னாராம் ஒருவர்.

தோழர்களே, இடஒதுக்கீட்டுக்கு எதிராக நம் மீது எறியப்படும் அதே சொல்தான் இந்தத் 'திறமை'. அது எங்கே, யார் காசில் தயாராகிறது என்று பார்ப்போம்.

தமிழ்நாட்டில் விளையாட்டு வீரர்களுக்கு அரசு வேலையில் 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. ஒன்றிய அரசு வேலைகளிலும் விளையாட்டு ஒதுக்கீடு உண்டு. அங்கே, பல்கலைக்கழக அணியில் இடம்பெற்று மற்ற பல்கலைக்கழகங்களோடு ஆடியவருக்கு 'படிவம் 3' சான்றிதழ் கிடைக்கும். அந்தத் தாள் ஒரு வேலைக்கான கதவு. அந்த அணிக்கு ஆள் எடுப்பது கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிகளில்தான். உங்கள் கல்லூரி அணியே அனுப்பவில்லை என்றால் அந்தத் தாள் உங்கள் கைக்கு வராது. ஒதுக்கீடு சட்டத்தில் இருக்கும். நீங்கள் வரிசையிலேயே இருக்க மாட்டீர்கள்.

அந்தத் தங்கையின் கல்லூரியில் முழுநேர உடற்கல்வி இயக்குநர் இல்லை. தமிழ்த்துறைப் பேராசிரியர் ஒருவர் 'பொறுப்பு' பார்க்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. வகுப்பும் எடுத்து, தேர்வு வேலையும் பார்த்து, அணியும் திரட்ட வேண்டும். புதிதாகத் தொடங்கப்பட்ட அரசுக் கல்லூரிகள் பல, சொந்தக் கட்டடம் வரும்வரை அரசுப் பள்ளி வளாகத்தில்தான் ஓடுகின்றன. அங்கே மைதானத்தை எங்கே தேடுவது?

ஆனால் விளையாட்டுக்கு அரசிடம் பணமே இல்லை என்று மட்டும் நினைக்காதீர்கள். 2022இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தது. 2024இல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவு வெளிச்சத்தில் ஃபார்முலா 4 கார்கள் பறந்தன. கண்ணகி நகர் கார்த்திகா 2025இல் ஆசிய இளையோர் கபடியில் தங்கம் வென்றதும் 25 லட்சம் கொடுத்தார்கள். கொடுக்கட்டும், அவருக்கு அது உரியது. ஜெயித்த பிறகு கொடுப்பது பரிசு. ஜெயிப்பதற்கு முன் கொடுப்பதுதான் உரிமை. நம் பிள்ளைகள் ஏன் கபடியிலும் ஓட்டத்திலும் அதிகம் தெரிகிறார்கள் என்று யோசித்திருக்கிறீர்களா? அதற்கு மட்டைகூட வேண்டாம்.

"கிராமத்துக்குத்தான் விளையாட்டு உபகரணம் கொடுத்துவிட்டோமே" என்பார்கள். 12,525 ஊராட்சிகளுக்கு 33 வகை உபகரணங்கள் கொண்ட தொகுப்புத் திட்டம் வந்தது உண்மை. அந்த அறையின் சாவி யாரிடம் இருக்கிறது? மைதானம் ஊரில் இருக்கிறதா, காலனியில் இருக்கிறதா? ஊர்ப் பையன்கள் ஆடி முடித்த பிறகு மிச்ச வெளிச்சத்தில் ஆடிய அனுபவம் நம்மில் எத்தனை பேருக்கு இல்லை? சாதி கேட்காமல் கால் வைக்கக்கூடிய மைதானம் நமக்கு அதிகம் வாய்த்ததில்லை. அரசுக் கல்லூரி மைதானம் அதில் ஒன்று. அதைப் புதர் மண்டவிடுவது சிக்கனக் கணக்கு இல்லை, சாதிக் கணக்கு.

பல்வங்கர் பாலுவை நினைத்துப் பாருங்கள். பூனாவில் ஆங்கிலேயர் கிளப் மைதானத்தைப் பராமரிக்கும் வேலைக்குப் போனவர். அங்கே பயிற்சி ஆட்டத்தில் பந்து வீசத்தான் அவரை விட்டார்கள். மைதானத்துக்குள் நுழைய ஒரு வழி கிடைத்தது, அவ்வளவுதான். 1911இல் இங்கிலாந்து போய் நூறு விக்கெட்டுகளுக்கு மேல் எடுத்தார். அந்த வழி கிடைக்காத பாலுக்கள் எத்தனை பேர்?

"தனியார் கல்லூரிகள்தான் இலவசமாகச் சேர்த்துக்கொள்கின்றனவே" என்பது இன்னொரு சமாதானம். அவை எடுத்துக்கொள்வது ஏற்கனவே பதக்கம் வாங்கியவர்களை. பதினெட்டு வயதில்தான் முதன்முதலாக ஒரு பயிற்சியாளரைப் பார்க்கப்போகும் பிள்ளையை யார் சேர்ப்பார்கள்?

"முதலில் வகுப்பறையும் கழிப்பறையும் வரட்டும்" என்று நம் தோழர்களே சொல்கிறார்கள். வரட்டும். ஆனால் ஒன்றைக் கேட்க இன்னொன்றை விட்டுக்கொடு என்று பணக்காரக் கல்லூரிகளிடம் யாரும் சொல்வதில்லை. ஏழை மட்டும் ஏன் வரிசைப்படி கேட்க வேண்டும்?

நம் கோரிக்கைகள் எளிமையானவை. ஒவ்வொரு அரசுக் கல்லூரிக்கும் நிரந்தர உடற்கல்வி இயக்குநர் வேண்டும். மாணவர் எண்ணிக்கைப்படி விளையாட்டுக்கெனத் தனி நிதி வேண்டும். பயணப்படி, சாப்பாடு, காலணி அதில் அடங்க வேண்டும். இதற்கான பணத்தை ஆதிதிராவிடர் துணைத்திட்ட நிதியிலிருந்து உருவக் கூடாது. அந்த நிதியைப் பாதுகாக்கத்தான் 2024இல் சட்டமே வந்தது. பொதுக் கல்லூரிக்குப் பொது நிதி.

இந்த வாரமே ஒரு வேலை செய்யுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட 10 ரூபாய் போதும். உங்கள் கல்லூரியின் பொதுத் தகவல் அலுவலருக்கு மூன்று கேள்விகள்: கடந்த மூன்று ஆண்டுகளில் மாணவர்களிடம் வாங்கிய விளையாட்டுக் கட்டணம் எவ்வளவு? அரசு கொடுத்தது எவ்வளவு? எந்தெந்தப் போட்டிகளுக்கு எத்தனை பேரை அனுப்பினீர்கள், அவர்களுக்குக் கொடுத்த பயணப்படி எவ்வளவு?

பதில் வந்ததும் அதை நகலெடுத்து மாணவர்களிடம் கொடுங்கள். "திறமை பத்தல" என்று இனி யாராவது சொன்னால், அந்தத் தாளை எடுத்து நீட்டுங்கள்.