தோற்ற சீட்டுக்கு நியாயம் உண்டா?

சூரமங்கலம் ஜங்ஷனில் ரயிலேறிக் குதிரைப் பந்தயத்துக்கென்று பெங்களூருக்கும் கிண்டிக்கும் போய் வந்தவர்கள் நம் ஊரில் உண்டு. திரும்பி வருகிறவரின் முகத்தைக் கொண்டே வரவு செலவைக் கணக்கிட்டுவிடலாம். 1937 அக்டோபரில் சென்னை மாகாணத்தில் முதன்முதலாக மதுவிலக்கு அமலுக்கு வந்தது நமது சேலம் ஜில்லாவில்தான். அத்தகைய ஜில்லாவில் இருந்துகொண்டு பந்தயத்துக்கு வக்காலத்து வாங்க நாம் முன்வரவில்லை. பாரதக் கதை தெரிந்த வீடுகளில் சூதைப் பற்றிப் பிரசங்கமும் வேண்டியதில்லை. நமது கேள்வி வேறு. ஓட்டத்தில் விதி மீறப்பட்டால், நம்பிச் சீட்டு வாங்கியவனுக்கு நியாயம் உண்டா?

ஓட்டம் முடிந்ததும் ஜாக்கியை நிறுத்துப் பார்க்கிறார்கள். ஆட்சேபம் ஏதுமில்லையென்றால் முடிவு உறுதியாகிறது. பணம் பட்டுவாடாவும் தொடங்கிவிடுகிறது. குதிரையின் இரத்தமும் சிறுநீரும் ரசாயனப் பரிசோதனைக்குப் போய் விடை வருவதற்குள் நாட்கள் கழிந்துவிடும். மருந்து ஊட்டப்பட்டதென்று அப்போது தெரிந்தால், வென்ற குதிரையின் பரிசைப் பறித்து, இரண்டாவதாக வந்த குதிரையின் சொந்தக்காரருக்குக் கொடுக்கிறார்கள். அதே இரண்டாவது குதிரையின்மேல் பணம் கட்டியவனுக்கோ ஒரு காசும் இல்லை. அவனைப் பொறுத்தவரை முதலில் அறிவித்த முடிவே முடிவு.

இது எவ்வளவு விசித்திரமானது என்பதை அமெரிக்காவின் பிரசித்தி பெற்ற கென்டக்கி டெர்பி பந்தயத்தில் காணலாம். 2019-இல் முதலில் வந்த ‘மாக்ஸிமம் செக்யூரிட்டி’ மற்றக் குதிரைகளின் வழியை மறித்ததென்று புகார் எழுந்தது. நடுவர்கள் சுமார் 22 நிமிஷம் ஆராய்ந்து, அதைத் தள்ளி, ‘கண்ட்ரி ஹவுஸ்’ வென்றதாக அறிவித்தார்கள். ஒன்றுக்கு அறுபத்தைந்து என்றிருந்த குதிரை அது! அதன்மேல் கட்டியவர்கள் பணத்தை அள்ளிக்கொண்டு போனார்கள். 2021-இல் அதே திடலில் வென்ற ‘மெடினா ஸ்பிரிட்’டின் உடலில் தடுக்கப்பட்ட மருந்து காணப்பட்டது. 2022 பிப்ரவரியில் அதன் வெற்றி ரத்தாகி, ‘மாண்டலூன்’ வென்றதாக ஏட்டில் ஏறிற்று. மாண்டலூன்மேல் கட்டியவர்களின் பணம் போனது போனதுதான். சிலர் கோர்ட்டுக்குப் போனார்கள்; 2024-இல் அப்பீல் கோர்ட்டும் கைவிரித்துவிட்டது. குற்றம் இருபத்திரண்டு நிமிஷத்தில் வெளிப்பட்டால் ஒரு நீதி, ஒன்பது மாதம் கழித்துத் தீர்ந்தால் வேறொரு நீதி.

நமக்கு அண்டையிலும் இது நேர்ந்தது. 2017 மார்ச்சில் பெங்களூரில் வென்ற ‘குயீன் லத்தீபா’ என்ற குதிரையின் சோதனையில் புரோகெயின் என்னும் மருந்து தென்பட்டதாகச் செய்தி வந்தது. விவகாரம் கர்நாடகக் குற்றப் புலனாய்வுப் போலீஸ் வரையில் போயிற்று. பத்திரிகைகளில் கிளப் அதிகாரிகளைப் பற்றியே பேச்சு. சீட்டு வாங்கிய ஜனங்களைப் பற்றி யார் நினைத்தார்கள்?

இந்த விதிக்கும் ஒரு காரணம் இருக்கத்தான் இருக்கிறது. பந்தயச் சீட்டில் பெயர் கிடையாது. பணத்தை வாங்கிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தவரை எங்கே தேடுவது? வென்றவர் திருப்பித் தரவேண்டுமென்று நாமும் சொல்லமாட்டோம். அவரும் விதியை நம்பிக் கட்டியவரே. ஆயினும் கொடுத்ததைத் திரும்ப வாங்க இயலாதென்பது, நஷ்டப்பட்டவனுக்கு ஒன்றும் தராமலிருப்பதற்குக் காரணமாகாது.

சட்டத்தின் உதவியும் அவனுக்கு இல்லை. 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 30-வது பிரிவுப்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது. அதை வைத்து வழக்காட முடியாது. அதே பிரிவு, குதிரைப் பந்தயத்தில் வென்றவருக்கு அளிக்க 500 ரூபாயும் அதற்கு மேலுமான பரிசுக்குப் பணம் சேர்ப்பதை மட்டும் விலக்கிக் காக்கிறது. குதிரைக்காரரின் பரிசுக்கு ஒரு சலுகை; சீட்டுக்காரனுக்கு அதுவும் இல்லை!

இது சூது, சூதாடிக்கு இவ்வளவுதான் என்று சொல்லித் தப்பவும் முடியாது. 1974-இல் தமிழ்நாடு சட்டசபை பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. வழக்கு நீண்டு, 1996 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட், குதிரைப் பந்தயம் பெரும்பாலும் திறமையைச் சார்ந்தது, சூதாகாது என்று தீர்ப்பளித்தது. குதிரையின் வம்சத்தையும் பழைய ஓட்டங்களையும் ஆராய்ந்து கட்டுவது திறமை என்றால், மருந்து அந்தத் திறமையையே பொய்யாக்கிவிடுகிறதல்லவா? வரி விஷயத்திலோ சர்க்காருக்குத் தயக்கமே இல்லை. 2023 அக்டோபர் முதல் கட்டும் தொகை முழுவதன்மேலும் நூற்றுக்கு 28. 2025 செப்டம்பர் 22 முதல் நூற்றுக்கு 40. கிளப்பின் கமிஷன் தனி.

ஆகவே வழியும் அங்கேயே இருக்கிறது. குற்றம் ருசுவான ஓட்டத்தில் கிளப் எடுத்த கமிஷனையும், சர்க்கார் வாங்கிய வரியையும், குற்றவாளியிடம் வசூலித்த அபராதத்தையும் ஒன்றாகச் சேர்க்கட்டும். நியாயமாக வென்ற குதிரையின்மேல் கட்டியவர்களுக்கு ஆதாயம் வேண்டாம், கட்டின முதலையாவது அதிலிருந்து திருப்பிக் கொடுக்கலாம். ஒரு குதிரைமேல் விழுந்த தொகை மொத்த வசூலில் ஒரு பங்குதானே! கணக்கு வைத்துக்கொண்டு தொலைவிலிருந்தே கட்டுகிறவர்களின் பெயர் ஏட்டிலேயே இருக்கும். மற்றவர்களுக்காக, பரிசோதனை முடிவு வரும் வரையில் பத்திரப்படுத்தவும் என்று சீட்டின் பின்புறத்தில் ஒரு வரி அச்சிட்டால் போதும். தோற்ற சீட்டை அங்கேயே கிழித்தெறிந்துவிட்டு ரயிலேறும் நம்மூர்க்காரர்கள் அதைப் படிப்பார்களா என்பது வேறு விஷயம்.