றப்பரை இழிவாகப் பார்க்காதேங்கோ

கலைப்பீடத்துப் பிள்ளைகளுக்குக் கார் புஷ்ஸோடு என்ன வேலை என்று கேட்பீர்கள். வேலை இருக்கிறது. கொஞ்சக் காலமாக மடத்துவெளிப் பக்கம் பழைய கார் திருத்துகிற ஆக்கள் எல்லாரும் ஒரே கதைதான் சொல்லுகினம்: "றப்பரைக் கழட்டி எறி, பொலி போடு." வெளிநாட்டில் இருந்து வருகிற சொந்தக்காரரின் பெட்டியில் சொக்லேட்டோடு ஒரு பொலியூரித்தேன் புஷ் செற்றும் வருகிறது. சிவப்பு, நீலம் என்று பார்க்க வடிவுதான். ஆனால் எங்கள் மொறிஸ் மைனருக்கும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜுக்கும் அது வேண்டாம் என்கிறோம்.

சில்லைத் தாங்குகிற கைகளும் ஸ்பிரிங்கும் காரின் உடம்போடு சேருகிற இடத்தில், இரும்பும் இரும்பும் முட்டாமல் நடுவில் இருக்கிற சின்ன உருளைதான் புஷ். றப்பர் புஷ்ஷைச் சரியாகப் பூட்டினால் அது வழுக்காது. சில்லு பள்ளத்தில் விழும்போது முறுகிக் கொடுத்துவிட்டுத் திரும்பி வரும். உரசுகிற இடம் இல்லாதபடியால் கிறீஸும் தேவையில்லை.

பொலியூரித்தேன் வேறு பிறவி. அது கடினம், அவ்வளவாக முறுகாது. இரும்பு அதற்குள்ளே சுழல வேண்டும், சுழலக் கிறீஸ் வேண்டும். கிறீஸ் காய்ந்தால் கிறீச்சிடும். அதற்கென்று நல்ல குணங்களும் இருக்கின்றன. எண்ணெய் பட்டால் றப்பரைப்போல ஊதிக் கெடாது, வளைவில் வேகமாகத் திரும்பும்போது சில்லின் கோணத்தைக் குலைய விடாது. பந்தயக் கார்களில் இன்னும் ஒரு படி மேலே போய் நைலோனும் வெண்கலமும் போடுகிறார்கள். அவர்கள் ஓடுவது மட்டமான தடத்தில். ஓடி முடிந்ததும் கழட்டித் துடைத்துப் பார்க்க ஆள் நிற்கும்.

நாங்கள் ஓடுவது எங்கே? மடத்துவெளியில் இருந்து யாழ்ப்பாணம் போக வாணர் தாம்போதியும் கடக்க வேண்டும், பண்ணைத் தாம்போதியும் கடக்க வேண்டும். இரண்டு பக்கமும் கடல். உப்புக் காற்றும் மணலும் அந்தக் கிறீஸில் ஒட்டினால் அது அரம் மாதிரி இரும்பைத் தின்னும். அதைவிடப் பெரிய பிரச்சினை, புஷ் வாங்காத அடி எங்கே போகும் என்பது. மைனருக்குத் தனியான சட்டகம் இல்லை, உடம்பே சட்டகம். பின் ஸ்பிரிங்கைத் தொங்கவிடுகிற இடம் அதில் பேர்போன கறள் இடம். ஐம்பது, அறுபது வருசக் கறளுக்குமேல் ஏன் கூடுதல் அடி? தேய்வதற்கென்றே வைத்த சாமானைத் தேயாமல் செய்தால், தேயக்கூடாத சாமான்தான் தேயும்.

"ஸ்போர்ட்ஸ் கார் வைச்சிருக்கிறவையே பொலி போடுகினமே" என்பார்கள். அங்கேயும் கதை அவ்வளவு நேரில்லை. 1973இல் எம்ஜிபி ஜிரி வி8 வந்தபோது அதன் முன் கைகளுக்குக் கொம்பனி போட்டது இரும்புக் குழலோடு சேர்ந்த றப்பர் புஷ். சாதாரண எம்ஜிபி வைத்திருக்கிறவர்கள் அதையே தேடி வாங்கிப் பூட்டுகிறார்கள். டட்சன் 240இஸட்டில் முன் கையை இழுத்துப் பிடிக்கிற கம்பிக்கு இரண்டு பக்கமும் பொலி போட்டு, அசைய இடமில்லாமல் கம்பியே முறிந்த கதைகள் உண்டு. மைனரின் முன்னாலும் அப்படி ஒரு கம்பி இருக்கிறது. சில்லு ஏறி இறங்கும்போது அதுவும் வளைவாக அசைய வேண்டும்.

"கடையில் வாங்கிற றப்பர் ஆறு மாசத்தில் வெடிக்குதே" என்பது நியாயமான முறைப்பாடு. அதற்கு இரண்டு காரணம். ஒன்று, மலிவான சரக்கு. மற்றது, பூட்டுகிற விதம். காரை ஜாக்கில் தூக்கி, சில்லு தொங்கும்போதே நட்டை இறுக்கினால், கீழே இறக்கியதும் புஷ் முறுகியபடியே நிற்கும். பிறகு நிற்கும்போதும் ஓடும்போதும் கிழிந்துகொண்டே இருக்கும். சில்லு நிலத்தில் நின்று காரின் பாரம் இறங்கிய பிறகுதான் கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். காசில்லாத வைத்தியம் இது.

பொலிக்குக் கொடுக்கிற காசை மைனரின் முன் சில்லில் இருக்கிற ட்றனியனுக்குக் கொடுங்கோ. மரை வெட்டிய அந்த இரும்பு கிறீஸ் இல்லாமல் தேய்ந்தால், ஓடும்போதே சில்லு மடிந்து விழும். கலியாண வீட்டுக்குப் பொம்பிளை ஏற்றிப் போகிற கார் அது. நீல நிறப் புஷ் அதைக் காப்பாற்றாது.

எங்களுக்குக் கோபம் பொலியில் மட்டும் இல்லை. 1990இல் வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தபோது பெற்றோல் இல்லை, பற்றறி இல்லை, உதிரிப்பாகம் இல்லை. சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடின கார்கள் இவை. அதே 90களில் இந்த நாட்டின் தெற்கில் மைனருக்கு உதிரிப்பாகம் செய்து இங்கிலாந்தின் பாத் நகரத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எங்கள் மெக்கானிக்மார் ஒன்றும் வராத ஊரில் இருந்து இவற்றை ஓட வைத்தார்கள். இண்டைக்கு அவர்களில் ஒருவர் "தம்பி, இதுக்கு றப்பர் காணும்" என்றால், யூரியூப்பைக் காட்டி வாயடைக்கிறோம்.

1876இல் கனரத்தகொடையில் நட்ட கன்றில் இருந்து றப்பர் வளர்க்கிற நாடு இது. நல்ல றப்பர் புஷ் இங்கேயே வார்க்கலாம். அதைக் கேட்டு வாங்குகிற ஆக்கள் இருந்தால்தான் வார்ப்பார்கள். அடுத்த முறை மாமா லண்டனில் இருந்து "என்ன வேணும்?" என்று கேட்டால் நல்ல கிறீஸ் கண் ஒன்று கேளுங்கோ. புஷ்ஷை இங்கே பார்த்துக்கொள்ளலாம்.